எலும்புப்புரை உள்ள மூத்த பெண்களுக்கு எலும்பு முறிந்தால்: விழுந்த நாள் முதல் இயல்பு வாழ்க்கை வரை முழுமையான வழிகாட்டி

குளியலறை ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழும் 60 வயதுப் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிகிறது. சுமார் ஆறு வாரம் மாவுக்கட்டு போடுகிறார்கள். கட்டைப் பிரித்ததும் எலும்பு கூடிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலான குடும்பங்களில் சிகிச்சை அத்தோடு முடிந்துபோகிறது. ஆனால், நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் கீழிருந்தோ விழுந்ததற்கே எலும்பு முறிந்திருந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி எப்படி விழுந்தார் என்பதல்ல, அந்த எலும்பு ஏன் அவ்வளவு எளிதில் முறிந்தது என்பதே. ஆஸ்டியோபோரோசிஸ் என்று மருத்துவர்கள் எழுதும் எலும்புப்புரை நோய் பல பெண்களுக்கு முதல் முறிவின் மூலமாகத்தான் தெரியவருகிறது. ஒரு முறை முறிந்தவருக்கு மீண்டும் முறியும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதிலும் முதல் இரண்டு ஆண்டுகள்தான் ஆபத்து மிகுந்தவை. ஆகவே எக்ஸ்-ரேயில் எலும்பு சேர்ந்திருப்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. அந்தப் பெண் முன்புபோலத் தனியாகக் கழிவறைக்குப் போகிறாரா, சமைக்கிறாரா, கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்வருகிறாரா என்பதையும் சேர்த்துத்தான் குணமடைதல் என்று சொல்ல வேண்டும். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்த அளவுகோலை வைத்தே எழுதப்பட்டுள்ளது.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், பழைய எலும்பு கரையும் வேகத்துக்குப் புது எலும்பு உருவாகும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் இது 51 வயதை ஒட்டி நிகழ்வதால், நம் பெண்கள் அந்தப் பாதுகாப்பைச் சில ஆண்டுகள் முன்னதாகவே இழக்கிறார்கள். முறிவுகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் நேர்கின்றன: ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மணிக்கட்டு, அதற்குப் பிறகு முதுகெலும்பு, 75 வயதை ஒட்டியும் கடந்தும் இடுப்பு. வாழ்க்கைத்தரத்தை அதிகம் குலைப்பது இடுப்பு முறிவு. அதிகம் கவனிக்கப்படாமல் போவது முதுகெலும்பு முறிவு.

படி 1: விழுந்தவுடன் செய்ய வேண்டியவை

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்துவதுதான் வீட்டில் இருப்பவர்களின் முதல் உந்துதல். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். அவர் படுத்திருக்கும் நிலையிலேயே இரு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாகவும், பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்தும் கிடந்தால், அது இடுப்பு முறிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காலை இழுத்துவிடுவதும், தைலம் தேய்த்து உருவிவிடுவதும், சுளுக்கு எடுப்பவரை அழைப்பதும் கூடாது. இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்து, அசைக்காமல் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

சிலருக்கு முறிந்த எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றுவிடுவதால், நொண்டியபடி நடக்கவும் முடியும். ‘நடக்கிறாரே, முறிவாக இருக்காது’ என்று நாட்களைக் கடத்துவது இவர்கள் விஷயத்தில்தான். தொடை இடுக்கில் வலி இருந்தாலும், சில வேளைகளில் முழங்காலில் மட்டும் வலி இருந்தாலும், இடுப்பை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் நீடித்தால் எம்ஆர்ஐ ஸ்கேனோ சிடி ஸ்கேனோ தேவைப்படும்.

மணிக்கட்டு அடிபட்டிருந்தால், மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்பே அந்தக் கையிலுள்ள வளையல்களையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். அரை மணி நேரம் போனால் வீக்கம் ஏறி, மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கட்டு போட்ட பிறகு விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ அன்றிரவே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களையும், முழங்கையையும், தோளையும் முதல் நாளிலிருந்தே அசைத்துவர வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்கு மணிக்கட்டு கூடிய பிறகும் விரல்கள் மடங்காமலும் தோள் இறுகியும் போவதுண்டு.

படி 2: இடுப்பு முறிவில் அறுவை சிகிச்சை பற்றிய முடிவு

‘வயசான காலத்துல ஆபரேஷன் எதுக்கு?’ என்ற பேச்சு நல்லெண்ணத்தில் வருவதுதான், ஆனாலும் கெடுதல் செய்வது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி அடர்ந்த தசைகளுக்குள் புதைந்திருக்கிறது. வெளியிலிருந்து போடும் எந்தக் கட்டும், அது புத்தூர் கட்டாக இருந்தாலும் மருத்துவமனைக் கட்டாக இருந்தாலும், அதை நகராமல் பிடித்து நிறுத்தாது. அறுவை சிகிச்சை இல்லாமல் மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் மூதாட்டிக்கு நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரலாம். கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையலாம். முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரலாம். சிறுநீர்த் தொற்று வரலாம். இடுப்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதற்கு, முறிவைவிட அதைத் தொடரும் இத்தகைய சிக்கல்களும், முன்பே இருந்த நோய்கள் முற்றுவதும்தான் பெரும்பாலும் காரணம்.

எனவே, இதய நோயும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்குக்கூட, அவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வதே மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நடைமுறை. முறிவின் இடத்தைப் பொறுத்துத் திருகாணி, உள்ளே செலுத்தும் கம்பி, பாதி மூட்டு மாற்று, முழு மூட்டு மாற்று ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் அதை அனுமதிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். செலவு குறித்த கவலை இருந்தால், மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி முதல் நாளே விசாரிப்பது நல்லது.

அறுவை சிகிச்சைக்குப் பின் குடும்பத்தார் அதிகம் மிரள்வது மனக்குழப்பத்தைக் கண்டுதான். நேற்றுவரை தெளிவாகப் பேசிய அம்மா, இன்று மகளை அடையாளம் தெரியாமல் பேசுவார். இரவில் ஊசியைப் பிடுங்கி எறிவார். இது பைத்தியமும் அல்ல, மறதி நோயும் அல்ல. டெலிரியம் எனப்படும் இந்த நிலை பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் அணிவிப்பது, பழகிய முகம் ஒன்று எப்போதும் அருகில் இருப்பது, பகலில் வெளிச்சமும் இரவில் அமைதியும் கிடைக்கச் செய்வது, வலியையும் மலச்சிக்கலையும் உடனுக்குடன் கவனிப்பது ஆகியவை நன்கு பலன் தரும். மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். தொற்றோ உப்புச்சத்துக் குறைவோ இதன் பின்னணியில் இருக்கலாம்.

மருத்துவர் வேறு மாதிரிச் சொன்னாலன்றி, அறுவை சிகிச்சைக்கு மறுநாளே எழுந்து உட்கார்ந்து, வாக்கரைப் பிடித்து நிற்கத் தொடங்க வேண்டும். ‘காயம் ஆறட்டும்’ என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் தொடைத் தசை கரைகிறது. அந்த வயதில் கரைந்த தசையைத் திரும்பக் கொண்டுவருவது எளிதல்ல.

படி 3: முதுகெலும்பு முறிவைக் கண்டுபிடித்தல்

முதுகெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மருத்துவரின் கவனத்துக்கு வருகிறது. விழாமலேயே இது நேரலாம்: தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதோ, பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கையில் வேகத்தடையில் வண்டி எகிறும்போதோ, பலமாக இருமும்போதோகூட முள்ளெலும்பு நசுங்கிவிடும். நடு முதுகில் திடீரென்று பிடிக்கும் வலி, நிற்கும்போது கூடி, படுத்தால் குறையும். ‘வாயுப் பிடிப்பு’ என்று பெயர் சூட்டித் தைலம் தேய்த்துச் சமாளித்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே மூன்று சோதனைகளைச் செய்து பார்க்கலாம். முதலாவது உயரம்: இளமையில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பை எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். இரண்டாவது, குதிகால்களும் முதுகும் சுவரில் படுமாறு நிற்கச் சொல்லி, பின்னந்தலை சுவரைத் தொடுகிறதா என்று பார்ப்பது. தொடாவிட்டால் முதுகு கூனியிருக்கிறது. மூன்றாவது, பக்கவாட்டில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே விரல்களை வைத்துப் பார்ப்பது. இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு இடைவெளி சுருங்கியிருந்தால், முள்ளெலும்புகள் நசுங்கியிருக்கக்கூடும். இந்த இடைவெளி சுருங்குவதால்தான் பல மூதாட்டிகளுக்கு இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, நெஞ்செரிச்சல் வருகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இவர்களுக்குத் தட்டு நிறையச் சோறு வைப்பதைவிட, நாளுக்கு ஐந்தாறு முறை சிறிது சிறிதாகக் கொடுப்பதே பொருத்தம்.

புதிய முறிவின் கடும் வலி வழக்கமாக 6 முதல் 12 வாரங்களில் தணியும். முதல் சில நாட்கள் ஓய்வு தேவை. அதற்கு மேல் முழுநேரப் படுக்கை எலும்பை இன்னும் மெலியச் செய்யும். வலி மாத்திரையில் பாராசிட்டமாலில் தொடங்குவதே பாதுகாப்பு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மற்ற வலி மாத்திரைகள் முதியோரின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பதம் பார்த்துவிடும். கால்கள் பலமிழந்தாலோ, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் வெளியேறாமல் நின்றுவிட்டாலோ, தண்டுவடம் அழுத்தப்படுவதாகக் கருதி உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

படி 4: முறிவின் காரணத்தை உறுதிசெய்தல்

டெக்ஸா ஸ்கேன் எலும்பின் அடர்த்தியை அளக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த வரையறைப்படி, டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுத் தரும் எண்) -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை; -1க்கும் -2.5க்கும் இடையே இருந்தால் எலும்பு அடர்த்திக் குறைவு. ஆனால் இந்த எண்ணை மட்டுமே நம்பிவிடக் கூடாது. சிறு விழுகைக்கே இடுப்போ முதுகெலும்போ முறிந்தவருக்கு டி-ஸ்கோர் -1.8 என்று வந்தாலும் எலும்புப்புரைக்கான சிகிச்சை தேவைதான். மேலும், வயதானவர்களின் முதுகெலும்பு ஓரங்களில் வளரும் எலும்பு முட்கள், அடர்த்தியை உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடும்.

இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி, கிரியாட்டினின், தைராய்டு, இரத்த அணுக்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வைட்டமின் டி மிகக் குறைந்து எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியாவும், எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா புற்றுநோயும் எலும்புப்புரைபோலவே தோற்றம் காட்டக்கூடியவை. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், மார்பகப் புற்றுநோய்க்காக லெட்ரோசோல் எடுப்பவர்கள், கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் இளவயதில் அகற்றிக்கொண்டவர்கள் ஆகியோர் இந்தச் செய்தியை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். அவர் கேட்காமல் விட்டுவிடவும் கூடும்.

படி 5: அடுத்த முறிவைத் தடுக்கும் மருந்து

முறிவுக்குக் கட்டு போட்ட மருத்துவரே எலும்புப்புரைக்கும் மருந்து தொடங்கியிருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், ‘எலும்பு மறுபடியும் முறியாமல் இருக்க என்ன மருந்து தருகிறீர்கள்?’ என்று நேரடியாகக் கேளுங்கள். கால்சியம் மாத்திரை மட்டும் அதற்கான பதில் ஆகாது.

வாரம் ஒரு முறை எடுக்கும் அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை பரவலாகப் பயன்படுவது. அதை விடியற்காலை வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் படுக்காமலும் எதுவும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் மருந்து உடலில் சேராது. விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். முதுகு கூனி நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தும் சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. பொருந்தும். இடுப்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், இந்த ஊசி புதிய முறிவுகளை 35 சதவீதமும் இறப்புகளை 28 சதவீதமும் குறைத்தது. முதல் ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வருவது வழக்கம். அதற்குப் பயந்து அடுத்த ஆண்டு ஊசியை நிறுத்த வேண்டியதில்லை. சிறுநீரகம் போதிய அளவு இயங்குகிறதா, வைட்டமின் டி சரியாக உள்ளதா என்று பார்த்த பிறகே இந்த மருந்தைத் தொடங்குவார்கள். நெடுங்காலம் எடுப்பவர்களில் மிகச் சிலருக்குத் தாடை எலும்புப் பாதிப்போ தொடை எலும்பில் அரிய வகை முறிவோ வருவதுண்டு. எனவே பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். மருந்து எடுக்கும் காலத்தில் தொடையில் காரணமில்லாத வலி வந்தால் சொல்ல வேண்டும்.

டெனோசுமாப் ஊசியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடுவார்கள். இதில் தேதி தவறக் கூடாது. நிறுத்தினாலோ பல வாரங்கள் தள்ளிப்போட்டாலோ, அடங்கியிருந்த எலும்புக் கரைவு வேகமெடுத்து, ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் நசுங்கக்கூடும். நிறுத்துவதானால் வேறு மருந்துக்கு மாறித்தான் நிறுத்த வேண்டும். தொடர்ந்து வாங்க வசதிப்படுமா என்பதைத் தொடங்கும் முன்பே குடும்பத்தில் பேசிவிடுவது நல்லது. ஏற்கெனவே பல முறிவுகள் உள்ளவர்களுக்குப் புது எலும்பை வளர்க்கும் டெரிபாரடைட் ஊசி உண்டு. தினமும் போட வேண்டும், விலையும் கூடுதல்.

படி 6: உணவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1200 மி.கி. கால்சியம் தேவை. 150 மில்லி டம்ளரில் இரண்டு வேளைப் பால், ஒரு கிண்ணம் தயிர், 50 கிராம் கேழ்வரகு மாவில் கூழோ அடையோ, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, ஒரு மேசைக்கரண்டி எள் ஆகியவற்றை ஒரே நாளில் சேர்த்தால் சுமார் 1000 மி.கி. கிடைத்துவிடும். அகத்திக்கீரையும், முள்ளோடு உண்ணும் நெத்திலியும் நல்லவை. காபியில் ஊற்றும் பாலைக் கணக்கில் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் கால் டம்ளரைத் தாண்டாது. பற்றாக்குறைக்கு மட்டுமே மாத்திரை போதும். கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்று அட்டையில் இருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மி.கி.தான். அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

வைட்டமின் டி 60,000 யூனிட் மருந்தை மருத்துவர் எட்டு வாரத்துக்கு எழுதித் தந்தால், எட்டு வாரத்தோடு நிறுத்த வேண்டும். பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் வாங்கிச் சாப்பிட்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம்.

நம் வீடுகளில் அதிகம் தவறுவது புரதம். முறிவு கண்டவருக்கு ‘எளிதில் செரிக்கட்டும்’ என்று ரசம் சாதமும் இட்லியும் இடியாப்பமுமாகக் கொடுத்தால், எலும்பும் சேராது, தசையும் தேறாது. சிறுநீரக நோய் இல்லாத 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் உண்டு. சைவ உணவுக்காரர்கள் பருப்பு, சுண்டல், பால், பனீர் ஆகியவற்றை வேளைதோறும் பிரித்துச் சேர்க்க வேண்டும்.

படி 7: நடையும் வீடும்

வாக்கரில் நடக்கும்போது முதலில் வாக்கர், அடுத்து அடிபட்ட கால், கடைசியாக நல்ல கால். கைத்தடிக்கு மாறும்போது அதை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் மாற்றிப் பிடிக்கிறார்கள். படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். மூட்டு மாற்றியவர்கள் அறுவை மருத்துவர் அனுமதிக்கும்வரை தரையில் உட்காருவதும், சம்மணம் இடுவதும், தாழ்ந்த முக்காலியில் அமர்வதும் கூடாது. தரையோடு அமைந்த கழிப்பறை மட்டுமே உள்ள வீடுகளில் கமோடு நாற்காலி வாங்குவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

கால் தேறியபின் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ஒரு பாதத்துக்கு முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது ஆகிய பயிற்சிகளைத் தினமும் செய்ய வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடிக்கு மேல் ஆனால், விழும் ஆபத்து இன்னும் இருக்கிறது என்று பொருள். முதுகெலும்பு மெலிந்தவர்கள் பச்சிமோத்தாசனம், ஹலாசனம்போல முன்னால் வளையும் ஆசனங்களை விட்டுவிட வேண்டும். தரையில் கிடக்கும் பொருளை எடுக்கவும் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யலாம்.

வீட்டில் குளியலறைதான் முதல் எதிரி. எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தரையில் படிந்த எண்ணெயைச் சீயக்காய்த் தூளோ சோப்போ போட்டுத் தேய்த்துக் கழுவிய பின்னரே அடுத்தவர் உள்ளே போக வேண்டும். கழிப்பறை அருகே சுவரில் திருகிப் பொருத்திய கைப்பிடி வேண்டும். துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. தேய்ந்த ரப்பர் செருப்பு, தரையில் புரளும் நைட்டி, வாசலில் மடங்கிக் கிடக்கும் மிதியடி, உயரமான நிலைப்படி ஆகியவற்றையும் கவனியுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழுபவர், கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். தூக்க மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் தலைசுற்றலைத் தருகின்றனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கண்புரை இருந்தால் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 8: வாழ்க்கைத்தரத்தை அளந்து பார்த்தல்

எலும்புப்புரை நோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை அளப்பதற்காக ஐரோப்பாவில் உருவாக்கப்பட்ட குவாலெஃபோ எனும் 41 கேள்விகள் கொண்ட படிவம், வலி, உடல் இயக்கம், சமூக உறவு, தன் உடல்நிலை பற்றிய எண்ணம், மனநிலை ஆகிய ஐந்தையும் விசாரிக்கிறது. வீட்டில் அவ்வளவு விரிவு தேவையில்லை. துணையின்றிக் குளிக்கிறாரா, சேலையைத் தானே கட்டிக்கொள்கிறாரா, அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்கிறார், வலியால் இரவில் எத்தனை முறை விழிக்கிறார், கடைசியாக எப்போது வீட்டைவிட்டு வெளியே போனார், விழுந்துவிடுவோம் என்ற பயத்தால் எந்த வேலையை விட்டுவிட்டார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். முறிவுக்கு முந்தைய நிலையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் கடைசிக் கேள்வியே மிகவும் கனமானது. ஒரு முறை விழுந்தவர் மீண்டும் விழுவோமோ என்று நடப்பதைக் குறைக்கிறார். நடை குறைந்ததால் தசை வற்றுகிறது. தசை வற்றியதால் உண்மையிலேயே விழுகிறார். ‘நீங்க உட்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்’ என்று பிள்ளைகள் அன்போடு சொல்வது இந்தச் சுழலுக்குத்தான் தீனி போடுகிறது. குனிந்து பெருக்குவதும் குடம் தூக்குவதும் வேண்டாம். காய் நறுக்குவதையும், பூத் தொடுப்பதையும், நாற்காலியில் அமர்ந்து செய்யக்கூடிய சமையலையும் அவரிடமே விட்டுவிட வேண்டும். சாப்பாட்டில் நாட்டமின்மை, யாரோடும் பேசாமல் இருப்பது, ‘எதுக்கு இந்த உயிர்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது ஆகியவற்றை வயதின் இயல்பு என்று ஒதுக்காமல், மருந்தும் ஆலோசனையும் பலன் தரும் மனச்சோர்வாகக் கருதி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பராமரிப்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோதான். அவருக்கு வாரத்தில் சில மணி நேரமாவது மாற்றாள் ஏற்பாடு செய்யாவிட்டால், சில மாதங்களில் இருவருமே சோர்ந்துபோவார்கள்.

அந்தத் தாளிலுள்ள அதே கேள்விகளை மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் மீண்டும் கேளுங்கள். இடுப்பு முறிவுக்குப் பிறகான முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களிலேயே நிகழ்வதால், மூன்றாம் மாதத்தில் எந்த வரி அசையாமல் நிற்கிறதோ அதை இயன்முறை சிகிச்சையாளரிடம் காட்டிப் பயிற்சியை மாற்றச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை உயரத்தை அளந்து அதே தாளில் எழுதுங்கள். மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, இயன்றவரை அதே இயந்திரத்தில் டெக்ஸா எடுத்து, பழைய அறிக்கையோடு ஒப்பிட்டு மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்று கேளுங்கள்.